படுக்கையறையில் ஓர் அறுவடை

தண்ணீர் ஒழுகிய ஏசியைப் பழுதுபார்க்க வந்தவர் எங்கள் படுக்கையறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

பெஷாவர் பக்கத்துக்காரர். தோளில் ஏணி, கையில் கருவிப்பை. ஜூலை மாதத்துப் பிற்பகல் அது. ஷார்ஜாவில் ரோலா என்ற பகுதியை ஒட்டிய எங்கள் கட்டடத்தின் வெளிச்சுவரைத் தொட்டால் கை சுடும். ஆனால் அந்த அறைக்குள் என் கணவர் குமரேசன் குரங்குக் குல்லாய் அணிந்து, கம்பளியைத் தோளில் போர்த்தியபடி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், சுவரோரமாக வரிசையாய்ச் சாக்குப் பைகள். ஒவ்வொரு பையிலும் இடுப்பளவு உயர்ந்த கரும்பச்சைச் செடிகள். அவற்றின் தலைக்கு மேல் குழல்விளக்குகள். சன்னலில் கனத்த திரை.

வந்தவர் செடிகளைப் பார்த்தார். விளக்குகளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ஏணியை மெல்ல இறக்கிவைத்தார்.

“யே க்யா ஹை, பாய்?”

“ஆலூ,” என்றார் குமரேசன்.

“ஆலூ?”

“ஆலூ, பாய். கானா. சாப்பிடுற ஆலூ.”

“பெட்ரூம் மே?”

விளக்குப் போட்டு, திரையிட்டு, வீட்டுக்குள் வளர்க்கப்படும் செடி என்றால் இந்நாட்டில் முதலில் எது சந்தேகிக்கப்படும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அதைக் குமரேசன் உணர்ந்த கணத்தில், சாட்சிக்கு ஒரு கிழங்கை எடுத்துக் காட்டிவிடலாம் என்று ஒரு பைக்குள் கையைவிட்டுத் துழாவினார். கை வெறுமையாக வந்தது. அடுத்த பையிலும் மண்தான்.

நான் சமையலறைக்கு ஓடி, கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் அதை வாங்காமல், செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார். முகம் தெளிந்தது. அவருடைய ஊரிலும் இதுதான் பயிராம். அதன்பிறகு ஏணியில் ஏறியதிலிருந்து இறங்கியது வரை சிரித்துக்கொண்டே வேலை பார்த்தார். புறப்படும்போது மட்டும் என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“சாப் கா காம் க்யா ஹை?”

ஐயாவுக்கு என்ன வேலை? அந்த ஓராண்டு முழுவதும் எங்களைத் துரத்திய கேள்வி அது.

ஓராண்டுக் கணவர்

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நான் சமூகப்பணி படித்தவள் என்பதும், துபாயில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் தொழிலாளர் நல அலுவலராக இருக்கிறேன் என்பதும் தெரிந்திருக்கும். புதிதாக இந்த வாரம் வந்து சேர்ந்தவர்கள் குமரேசனைப் பற்றி மட்டும் தெரிந்துகொண்டால் போதும். அவர் திருச்சி மாவட்டத்தில் தோட்டக்கலை அலுவலர். எங்களுக்குத் திருமணமானபோது எனக்கு இங்கே வேலை நிலைத்திருந்தது, அவருக்கு அங்கே. எனவே அவர் சம்பளமில்லாத விடுப்பில் ஓராண்டு வந்து பார்ப்பது என்று முடிவாயிற்று.

வளைகுடாவில் கணவன் மனைவியை அழைத்துக்கொள்வது அன்றாடம் நடப்பது. மனைவி கணவனை அழைத்துக்கொண்டால் எல்லோரும் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பார்கள். அரசாங்கமும் பார்த்தது. மனைவி எடுத்துத்தரும் விசா அந்நாளில் ஓராண்டுக்குத்தான் கிடைத்தது. ஆண்டு முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும் அல்லது ரத்துசெய்ய வேண்டும். எங்களுக்கு அந்த நாள் ஆகஸ்ட் முதல் வாரத்தில் விழுந்தது. அவருடைய விடுப்பும் அதையொட்டியே முடிந்தது.

புதுப்பித்தால் அவர் அரசு வேலையை விட்டுவிட வேண்டும். ரத்துசெய்தால் அவர் அங்கே, நான் இங்கே. இரண்டு வாசல்கள்தாம் இருந்தன என்று நான் உறுதியாக நம்பினேன்.

‘இருங்கள்’ என்று அவரிடம் கேட்டுவிடலாம். கேட்டால் இருந்துவிடுவார்; அதுதான் சிக்கல். என்னால் இருந்தார் என்ற கணக்கு ஐந்தாண்டு கழித்தோ பத்தாண்டு கழித்தோ எங்கள் இருவர் நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘போங்கள்’ என்றால், போகச் சொன்னவள் என்ற பெயர் நிற்கும். விளைவுகளை எடைபோட்டுப் பார்த்து, நான் எதையும் கேட்பதில்லை என்று தீர்மானித்தேன். அவரும் எதையும் சொல்வதில்லை என்று தீர்மானித்தவர்போல இருந்தார். இடைப்பட்ட காலத்தில் இருவரும் அளவுக்கு அதிகமாக வேடிக்கை பேசினோம்.

நோராவின் பண்டிகை

உருளைக்கிழங்கு வீட்டுக்குள் வந்தது நோராவால்.

எங்கள் நிறுவனத்தின் செவிலியர் நோரா. அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவர். ஐம்பதைக் கடந்த, குட்டையான, வேகமாக நடக்கும் பெண்மணி. வாரத்துக்கு ஒருமுறை நாங்கள் இருவரும் துபாயின் சோனாப்பூரிலிருந்த தொழிலாளர் முகாமுக்குக் கம்பெனி வண்டியில் போவோம். நான் குடிநீரையும் சமையற்கூடத்தையும் பார்ப்பேன். அவர் வெயிலால் வரும் நோய்களைப் பார்ப்பார். அவர் ஆங்கிலத்தில் சொன்னவற்றை இங்கே என் தமிழில் தருகிறேன்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தபோது, உருளைக்கிழங்குப் பொரியலைத் தட்டில் ஒதுக்கிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடிக்கவில்லையோ என்று கேட்டேன்.

“பிடிக்கிறது. ஆனால் இது எந்த ஊர்க் கிழங்கு, எப்போது தோண்டியது என்று ஒன்றும் தெரியவில்லை. எங்கள் ஊரில் ஆகஸ்ட் முதல் தேதிக்கு முன்னால் யாரும் புதுக் கிழங்கு தோண்ட மாட்டார்கள். தோண்டினால் அவன் வீட்டில் சாப்பாடு இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும்.”

அன்றுதான் லூனாசா என்ற பெயரை முதலில் கேட்டேன். கெல்ட் இன மக்களின் பழைய அறுவடைத் திருவிழா அது. அவர்கள் ஆண்டை நான்காகப் பிரித்துக்கொண்டவர்கள். லூனாசா, கோடை முதிர்ந்து முதல் கதிர் அறுக்கப்படும் நாள். ஜூலை அவர்களுக்குப் பசி மாதம். பழைய தானியம் தீர்ந்திருக்கும், புதியது விளைந்திருக்காது. வெறும் முட்டைக்கோசைத் தின்று நாளைக் கடத்திய அந்த மாதத்துக்குக் கோசின் பெயரையே சூட்டியிருந்தார்களாம். எனவே அந்த முதல் நாளின் உணவு விருந்தாக மட்டும் இருக்கவில்லை; ஒரு மாதத்துக் கவலை அன்றைக்குத்தான் இறக்கிவைக்கப்பட்டது.

தொடக்கத்தில் முதல் கதிரை மலையுச்சிக்குக் கொண்டுபோய்ப் புதைத்துப் படைத்திருக்கிறார்கள். பிறகு கிறித்தவம் வந்தது. மலையேற்றத்தை நிறுத்தாமல் ஞாயிற்றுக்கிழமை யாத்திரையாக்கிக்கொண்டது. அதற்கும் பின்னால் கடல் கடந்து உருளைக்கிழங்கு வந்தது. கதிர் இருந்த இடத்தில் கிழங்கு உட்கார்ந்தது. வழக்கம் பழையது, காய்கறி புதியது. நம் சாம்பாரில் இன்று மிதக்கும் பாதிப் பொருள்களுக்கும் இதே வரலாறுதான்.

குமரேசன் கையைக் கழுவாமலே கேட்டுக்கொண்டிருந்தார். நோரா ஊருக்குப் போய்ப் பல கோடைகள் ஆகியிருந்தன. அவர் விடுப்பு எப்போதும் கிறிஸ்துமஸுக்குத்தான் அமையும்.

“ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி உங்களுக்குப் புதுக் கிழங்கு நான் தரேன்,” என்றார் குமரேசன் தன் ஆங்கிலத்தில்.

“இங்கேயா? இந்த வெயிலிலா?”

“உருளைக்கிழங்குக்கு வேண்டியது ராத்திரிக் குளிர். அது எங்க பெட்ரூம்ல இருக்கு.”

அப்படிச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த ஒளியை, அவர் இங்கே வந்ததிலிருந்து நான் பார்த்திருக்கவில்லை. அதனால், அந்தப் படுக்கையறையில் நாங்களும் தூங்குகிறோம் என்பதை நினைவூட்டாமல் விட்டுவிட்டேன்.

முகாமில் கிடைத்த விதை

கடைக் கிழங்கு முளைப்பதற்கு அடம்பிடிக்கும். முளைக்காமலிருக்க ஏதேனும் தெளித்திருப்பார்கள் என்றார் குமரேசன். முளைத்த கிழங்கு எங்கே கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். முந்தைய வாரம்தான் சோனாப்பூர் முகாமின் சமையற்காரர் செல்லப்பாண்டியிடம், முளைவிட்ட கிழங்கைச் சமைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். செல்லப்பாண்டிக்குச் சிவகங்கைப் பக்கம். பேச்சில் யாருக்கும் பின்வாங்காதவர்.

“போன வாரம் குப்பையில கொட்டச் சொன்னீக. இந்த வாரம் பை கொண்டாந்து கேக்குறீக. என்ன மேடம், வீட்ல சாருக்குச் சமைக்கவா?”

“நடுறதுக்கு, செல்லப்பாண்டி.”

“நடவா? எங்க?”

சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“இங்க எங்க ரூமுக்கு ஏசி சரியா ஓடலைன்னு நான் மூணு தடவை சொல்லியாச்சு. நீங்க கெழங்குக்கு ஏசி போடுறீக.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வாரமே அந்த அறைக்கு ஆளனுப்பினேன். பழுது சரியானதும், ஒரு மூட்டை முளைவிட்ட கிழங்கை அவரே எங்கள் வண்டியில் ஏற்றிவைத்தார். “விளைஞ்சா எனக்கும் ஒண்ணு குடுங்க மேடம். என் சிபாரிசுல வந்த பிள்ளைக அது.”

செத்த பிறகு கொண்டாடுவானேன்

லூனாசா என்ற பெயரில் இருக்கும் ‘லூ’ ஒரு தெய்வம். வெயிலோடும் விளைச்சலோடும் சேர்த்துப் பேசப்படுபவன். பல கலைகளில் வல்லவன். அவன் முதன்முதலில் அரசனின் கோட்டைக்கு வந்தபோது வாயிற்காவலன் தடுத்து, “உனக்கு என்ன தொழில் தெரியும்?” என்று கேட்டானாம். தச்சு தெரியும் என்றான் லூ. தச்சன் இருக்கிறான் என்றான் காவலன். கொல்லுப்பட்டறை வேலை தெரியும், கொல்லனும் இருக்கிறான். யாழ், மருத்துவம், வாள், கவிதை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஆள் இருந்தது. கடைசியில், இத்தனையும் தெரிந்த ஒரே ஆள் இருக்கிறானா என்று கேட்ட பிறகே கதவு திறந்ததாம்.

இதைக் கேட்ட குமரேசன், “துபாய்ல இன்டர்வியூவும் இதேதான். என்ன, கடைசிக் கேள்விக்கும் ‘இருக்கான்’னு சொல்லிடறாங்க,” என்றார். அதுவரை அவர் போய்வந்த நேர்காணல்கள் அனைத்தும் அவ்வாறே முடிந்திருந்தன.

ஆனால் இந்தப் பண்டிகை லூவுக்காக எடுக்கப்பட்டதன்று என்பதுதான் என்னை நிறுத்திய செய்தி. அவனை வளர்த்த தாய் டால்ட்யு என்பவள். அடர்ந்த காட்டை வெட்டிச் சமவெளியாக்கி, உழுவதற்கு நிலம் தந்தவள் அவள்தான். அந்த உழைப்பின் களைப்பிலேயே இதயம் நின்று இறந்தாள். தன் புதைமேட்டருகே ஆண்டுதோறும் ஒப்பாரிக்குப் பதில் விளையாட்டுகள் நடத்துமாறு கேட்டுக்கொண்டாளாம். அப்படித் தொடங்கியதே லூனாசாக் கூட்டம். ஓட்டப்பந்தயம், குதிரைப்பந்தயம், சந்தை, வழக்குத் தீர்ப்பு எல்லாம் அங்கே நடந்தன. அந்நாட்களில் பகைவர்களும் ஆயுதம் தொடக் கூடாது.

இவற்றையெல்லாம் எழுதிவைத்தவர்கள் அந்தப் பழைய சமயத்தை விட்டுக் கிறித்தவத்துக்கு மாறிய பிற்காலத் துறவிகள். ஆகவே எது பழைய நம்பிக்கை, எது அவர்கள் சேர்த்த அலங்காரம் என்று எவராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. இருந்தாலும், ஓர் அறுவடை விழாவின் அடியில் வேலை செய்து செத்த ஒரு பெண்ணின் பெயர் இருப்பது, வெயிலில் வேலை செய்பவர்களைக் கணக்கில் வைத்துக்கொள்வதையே தொழிலாகக் கொண்ட எனக்குச் சாதாரணமாகத் தோன்றவில்லை.

அப்போது கோடைக்கால நண்பகல் ஓய்வு நடப்பில் இருந்தது. உச்சிவெயில் நேரத்தில் திறந்தவெளி வேலை கூடாது என்ற விதி. சமையற்கூடத்தில் மோர் குடித்தபடி நோரா டால்ட்யு கதையைச் சொல்ல, நான் செல்லப்பாண்டிக்குத் தமிழில் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

“செத்ததுக்கப்புறம் வருசாவருசம் வெளையாட்டு விழா எடுத்தாகளாக்கும்.”

“ஆமா.”

“உசுரோட இருக்கப்ப மத்தியானம் ரெண்டு மணி நேரம் படுக்க விட்டிருந்தா, விழாவே வேண்டாமுல்ல.”

இதை ஆங்கிலத்தில் நோராவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் ஊர்ப் பாதிரியாரிடம் இதைச் சொல்லப் போவதாக மட்டும் சொன்னார்.

வடக்கே சமையலறை, தெற்கே குளியலறை

அந்தக் கூட்டத்தில் இன்னொன்றும் நடந்ததாம். அதை நோரா எங்கள் வீட்டில் வைத்துச் சொல்லியிருக்கத் தேவையில்லை. எங்கள் நிலைமை அவருக்குத் தெரியாது.

லூனாசாவில் இளையவர்கள் சோதனைத் திருமணம் செய்துகொள்வார்களாம். மரக்கதவில் ஒரு துளை. ஒருபுறம் நிற்கும் பெண் அதன் வழியே கையை நீட்ட, மறுபுறம் நிற்கும் ஆண் பிடித்துக்கொண்டால் திருமணம். ஓராண்டும் ஒரு நாளும் சேர்ந்து வாழ்ந்து பார்க்கலாம். ஒத்துவரவில்லையென்றால், இருவரும் அதே இடத்துக்கு வந்து, முதுகோடு முதுகாக நின்று, ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே நடந்துவிட வேண்டும். யார்மேலும் பழியில்லை.

இது பின்னாளில் கேள்விவழியாகப் பதிவானது, ஆராய்ச்சியாளர்கள் பலர் முழுமையாக நம்புவதில்லை என்று நோராவே சொன்னார். எனக்கு அந்த ஐயம் பெரிதாகப் படவில்லை. பிரிவதற்கும் இருவரும் சேர்ந்தே அங்கே வந்தாக வேண்டும் என்ற நிபந்தனைதான் மனத்தில் ஒட்டிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், ஆகஸ்ட் முதல் நாள் என்பது நமக்கு ஆடி. அங்கே புதிதாகக் கைபிடித்த அதே நாட்களில் நாம் புதுமணப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுகிறோம். அதே வாரத்தில் காவிரிக்கரையில் பதினெட்டாம் பெருக்கு. அவர்கள் அறுக்கும்போது நாம் விதைக்கத் தொடங்குகிறோம். இரு நாட்டுப் பருவமும் வேறு, கணக்கும் வேறு. ஆனாலும் மணமான புதியவர்களை என்ன செய்வது என்ற கவலை இரு ஊருக்கும் அதே மாதத்தில் வந்திருக்கிறது.

நோரா போன பிறகு குமரேசன் கூரையை அண்ணாந்து பார்த்தார். முன்பு குடியிருந்தவர்கள் தொழுகைக்காக ஒட்டிய மெக்காவின் திசை காட்டும் அம்பு அங்கே இருந்தது.

“அது ஏறக்குறைய மேற்கு. அப்படின்னா வடக்கு சமையலறை.”

“தெற்கு?”

“குளியலறை.”

“அப்ப நீங்க வடக்கே போங்க,” என்றேன். “நான் குளிக்கணும்.”

சிரித்தோம். அப்போதாவது கேட்டிருக்கலாம்.

இலை மட்டும்

செடிகள் நன்றாக வந்தன. அதுதான் தவறு என்பது எனக்குத் தெரியவில்லை. இரவுகளில் கண்ணுக்குத் துணி கட்டிக்கொண்டு தூங்கினோம், விளக்கு எரிவதால். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் நீர் ஊற்றுவார்; மாலையில் திரும்பும்போது எதையோ கரைத்து ஊற்றிக்கொண்டிருப்பார். செடிகள் பைகளை மீறிக் கட்டிலின்மேல் சாய்ந்தன.

ஆகஸ்ட் முதல் நாள் காலை நோரா வந்தார். வெண்ணெய்ப் பொட்டலம் ஒன்றும், தன் தாயார் செய்ததுபோலக் கட்டிக்கொள்ள ஒரு வெள்ளைச் சமையல் மேலங்கியும் கொண்டுவந்திருந்தார். அன்று வீட்டுத்தலைவி மேலங்கி கட்டிக் கிழங்கை அவித்து மேசை நடுவில் கொட்டுவாராம். தொடுகறி கிடையாது. வெண்ணெய் மட்டும்.

கூடத்தில் பழைய படுக்கைவிரிப்பை விரித்து முதல் பையைக் கவிழ்த்தோம். வேரும் மண்ணும் வந்தன. இரண்டாவது பையிலும் அதேதான். மூன்றாவதில் கோலிக்குண்டு அளவில் ஏதோ உருண்டது. எல்லாப் பைகளையும் கவிழ்த்து, மண்ணை விரலால் அளைந்து சேர்த்தபோது என் உள்ளங்கை நிறையவில்லை.

நோரா அதைப் பார்த்தார். “எங்கள் ஊரில் இப்படித் தோண்டியவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், குமார்.”

“எனக்கு ஏற்கெனவே குடுத்துட்டாங்க.”

“ஒரு வருடத்துக்குத்தானே?”

அவர் சோதனைத் திருமணக் கதையை வைத்துச் சொன்ன வேடிக்கைதான் அது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை என்றதும் அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கிழங்குகளை எடுத்துக்கொண்டு அவிக்கப் போனார்.

குமரேசன் ஒரு செடியின் வேரைக் கையில் பிரித்துக்கொண்டிருந்தார்.

“தழைச்சத்து கூடிப்போச்சு. எல்லாம் இலைக்குப் போயிருச்சு.”

“உங்களுக்குத் தெரியாமலா?”

“காலேஜ் முதல் வருஷத்துலயே தெரிஞ்சுக்கற விஷயம்.”

“பின்ன ஏன்?”

அவர் வேரிலிருந்த மண்ணை உதறினார்.

“நீ காலைல போயிடற. நான் தண்ணி ஊத்திடுவேன். அது அஞ்சு நிமிஷ வேலை. அதுக்கப்புறம்? நீ வர்ற வரைக்கும் எதையாவது குடுத்துக்கிட்டே இருக்கணும் போல இருந்துச்சு. வேண்டாம்னு தெரிஞ்சேதான் உரம் போட்டேன். அங்க இருந்தா ஒரு நாளைக்கு நாலு ஊர் போவேன். யாராவது ஒருத்தர் செடியைப் பிடுங்கிட்டு ஓடிவருவாங்க. திட்டவாவது வருவாங்க. இங்க ஒருத்தரும் என்கிட்ட எதுவும் கேக்கறதில்ல, மலர். நீகூட.”

நான் கேட்காமலிருந்தது அவருடைய சுதந்திரத்துக்காக என்று எண்ணியிருந்தேன். அது அவருக்கு வேறுமாதிரி எட்டியிருக்கும் என்பது என் கணக்கில் வரவில்லை. அதனால் அப்போது கேட்டேன்.

“போகணுமா?”

“போகணும்.”

“சரி.”

இரு பக்கத்துக்கும் மாதக்கணக்கில் வாதங்களைத் தயார் செய்து வைத்திருந்தவள் நான். ஒன்றும் தேவைப்படவில்லை.

நோரா தட்டோடு வந்தார். ஆளுக்கு இரண்டோ மூன்றோ வந்தன. செல்லப்பாண்டிக்கு ஒன்றை எடுத்துவைத்தோம். வாயில் போடுவதற்கு முன், அடுத்த ஆண்டு இதே நாளில் நாமெல்லோரும் உயிரோடிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். அதை நோரா முதலில் தன் தாய்மொழியிலும், பிறகு எங்களுக்காக ஆங்கிலத்திலும் சொன்னார். சேர்ந்திருக்க வேண்டும் என்று அதில் இல்லை என்பதைக் கவனித்தேன். கிழங்கு சற்றே கசந்தது. வெண்ணெய் நன்றாக இருந்தது.

கேன்சலோ ரினியூவோ

விசாத் தாள்களை நிரப்பித் தரும் டைப்பிங் சென்டர்கள் ரோலாவில் தெருவுக்கு நான்கு இருக்கும். மறுநாள் எங்கள் கட்டடத்துக்குக் கீழேயே இருந்த ஒன்றுக்குப் போனோம். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது நான் அவர் கடவுச்சீட்டைப் பிடித்திருந்தேன். அவர் என் கைப்பையைப் பிடித்திருந்தார்.

கணினி முன் இருந்தவர் மலையாளி. எங்கள் குடும்பத் தாள்கள் அனைத்தும் அவர் விரல்பட்டவைதான்.

“சேச்சி, எந்தா வேண்டது? கேன்சலோ, ரினியூவோ?”

நான் கேன்சல் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“ரினியூ,” என்றார் குமரேசன்.

நான் திரும்பிப் பார்த்தேன். “நீங்க ஊருக்குப் போறீங்கல்ல?”

“போறேன். அடுத்த வாரம்.”

“சார் போகுன்னெங்கில் பின்ன எந்தினா ரினியூ?” என்றார் டைப்பிங்காரர்.

“திரும்பி வர்றதுக்கு,” என்றார் குமரேசன். பிறகு என்னிடம், “ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தாத்தானே விசா செத்துப்போகும்? பொங்கலுக்கு வர்றேன். அடுத்த லீவு உனக்கு. நீ அங்க வா. வேலையையும் விட வேண்டாம், உன்னையும் விட வேண்டாம்.”

“இது நெறைய பேர் பண்றதுதான்,” என்றேன். “ஆம்பளைங்க இங்க இருந்துக்கிட்டுப் பொண்டாட்டியை ஊர்ல வச்சிருப்பாங்க. திருப்பி யாரும் பண்ணிப் பார்த்ததில்ல.”

“ஒரு வருஷம் பார்ப்போம்.”

“அப்புறம்?”

“அப்புறம் மறுபடியும் கேப்போம். ரெண்டு பேரும். இந்த வருஷம் மாதிரி வாயை மூடிக்கிட்டு இல்ல.”

எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. “தீருமானம் ஆயோ?” என்று டைப்பிங்காரர் விசைப்பலகைமேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். ஆயிற்று என்றேன். அவர் தட்டத் தொடங்கினார்.

நான் கண்டது இரண்டே வாசல்கள். எல்லா விளைவுகளையும் எடைபோட்டவள், எடைபோட வேண்டியவற்றைச் சரியாக எண்ணவில்லை. இந்த ஏற்பாட்டின் விலையும் சிறியதன்று. உடல்நலம் சரியில்லாத நாட்கள், கூட இல்லாத தீபாவளிகள், எந்த ஊரிலும் முழுமையாக நிறுவப்படாத சமையலறை. அவற்றை வரும் அத்தியாயங்களில் மறைக்காமல் எழுதவே எண்ணியிருக்கிறேன்.

அதன்பின் ஆண்டுகள் பல ஓடிவிட்டன. ஆகஸ்ட் முதல் வாரத்தில், எங்கே இருந்தாலும், இருவரில் ஒருவர் மற்றவரைக் கேட்டாக வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதியாகிவிட்டது. போன ஆகஸ்டில் அவர் முறை. நான் முகாமுக்குப் போகும் வண்டியில் இருந்தேன். கைப்பேசியில் அழைத்து, “இன்னும் ஒரு வருஷம் பார்ப்போமா?” என்றார்.

“யோசிச்சுச் சாயங்காலம் சொல்றேன்,” என்றேன்.

“அவசரமே இல்ல. நிதானமா யோசி.”

மத்தியானத்துக்குள் மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்.